கடை பக்கியை வீட்டுக்கு எடுத்தால்: இன்சூரன்ஸ், டிஸ்க், வரி

பீனிக்ஸ் மருமகன்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கிறேன். மாமனார் ரொம்ப வருஷமாக நடத்தி வந்த ஹார்ட்வேர் கடையை மூடப்போகிறார். வயதாகிவிட்டது, முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. கடை ஒரு சிசி (க்ளோஸ் கார்ப்பரேஷன், சின்னக் கம்பெனி மாதிரி) பெயரில் இருக்கிறது. டெலிவரிக்கு வைத்திருந்த ஒரு டன் ஹைலக்ஸ் பக்கியும் (பின்னால் சரக்குத் தட்டு உள்ள சின்ன வண்டி) அதே சிசி பெயரில்தான். டீசல், சிங்கிள் கேப் (ஒரே வரிசை சீட்), பின்னால் கேனோபி (சரக்குத் தட்டை மூடும் கூரை), டோபார் (ட்ரெயிலர் இழுக்கும் கொக்கி). கடன் எதுவும் பாக்கி இல்லை. "யாருக்கோ விற்பதைவிட நீயே எடுத்துக்கொள், விலை எவ்வளவு வேண்டுமானாலும் போட்டு எழுதிக்கலாம்" என்கிறார்.

எனக்கு அது தொழிலுக்கு வேண்டாம். அம்கேனி ரோட்டில் வேலைக்குப் போய்வர, சனி ஞாயிறு மீன்பிடிக்கப் போக, கோயில் வேலைகளுக்குச் சாமான் ஏற்ற. அவ்வளவுதான். குடும்பத்துக்கு மனைவியின் சின்னக் கார் இருக்கிறது.

இன்சூரன்ஸ் விலை கேட்டுப் போன் பண்ணினால் முதல் கேள்வியே "பிரைவேட்டா, பிசினஸா, கமர்ஷியலா?" என்கிறார்கள். இது டெலிவரி வண்டியாக இருந்தது என்றதும் அந்தப் பெண் சற்றுத் தயங்கி, மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சரக்கு வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற எங்கேயாவது தனியாக எழுதித் தரவேண்டுமா? டிஸ்க் (கண்ணாடியில் ஒட்டுகிற வருஷ லைசென்ஸ்) கட்டணம் மாறுமா? மாமனார் சொல்வதுபோல "எவ்வளவு வேண்டுமானாலும்" போட்டு எழுத முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிட்ராண்ட் தமிழன்

நான் மதுரைப் பக்கம். ஊரில் மஞ்சள் போர்டு வண்டியை வெள்ளை போர்டாக மாற்ற ஆர்டிஓ ஆபீஸ் படியேறி, பர்மிட்டை ஒப்படைத்து, வரி வித்தியாசம் கட்டி அலைய வேண்டும். இங்கேயும் அப்படி ஏதாவது இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு முறை லைசென்ஸிங் ஆபீஸில் கேட்டுப் பாருங்கள்.

வெருலம் டிரைவர்

தம்பி, இங்கே அப்படி இல்லை. தென்னாப்பிரிக்காவில் கடைப் பக்கி, சொந்தப் பக்கி என்று போர்டு நிறத்தை வைத்துப் பிரிக்கிற வழக்கம் கிடையாது. கடையில் ஓடிய ஹைலக்ஸும் பக்கத்து வீட்டு வாத்தியார் ஓட்டுகிற ஹைலக்ஸும் லைசென்ஸிங் கவுண்டருக்கு ஒன்றுதான். வருஷா வருஷம் கட்டுகிற லைசென்ஸ் கட்டணம் டேர் எடையைப் பார்த்து வருகிறது. டேர் என்றால் சரக்கு இல்லாமல் வெறும் வண்டியின் எடை. மாகாணத்துக்கு மாகாணம் தொகை வேறு. நீங்கள் சிமெண்ட் ஏற்றினாலும் தூண்டில் ஏற்றினாலும் டேர் எடை மாறாது, கட்டணமும் மாறாது.

பார்க்கவேண்டிய எண் வேறு ஒன்று: ஜி.வி.எம். சரக்கோடு சேர்த்து வண்டி சுமக்க அனுமதித்த மொத்த எடை. அது 3,500 கிலோவைத் தாண்டினால் ஆட்டமே வேறு. ஆபரேட்டர் கார்டு, ஒவ்வொரு வருஷமும் ரோட்வொர்த்தி (வண்டி ஓடத் தகுதியா என்ற சோதனை), டிரைவருக்கு சி1 என்ற லாரி லைசென்ஸ், அதோடு பி.ஆர்.டி.பி. (தொழில்முறை டிரைவர் பர்மிட்) எல்லாம் வந்துவிடும். ஒரு டன் ஹைலக்ஸ் அந்தக் கோட்டுக்குக் கீழே. சாதாரண கோட் 8 (கார்) லைசென்ஸ் போதும். வெருலத்தில் ஒருவர் பழைய நாலு டன் லாரியை மலிவாக எடுத்து, "வீட்டு உபயோகம்தானே" என்று ஓட்டிக்கொண்டிருந்தார். ரோட்பிளாக்கில் வண்டியை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். சொந்த உபயோகம் என்பதால் எடை விதி தளராது.

பெயர் மாற்றம்: விற்கிறவர் என்.சி.ஓ. படிவம் (வண்டி கைமாறியது என்ற அறிவிப்பு) கொடுக்கவேண்டும், வாங்குகிறவர் ஆர்.எல்.வி. படிவம் (தன் பெயரில் பதிவு, லைசென்ஸ் கேட்கும் விண்ணப்பம்). 21 நாளுக்குள் முடிக்கவேண்டும். ரோட்வொர்த்தி சர்ட்டிபிகேட் கட்டாயம், எடுத்த நாளிலிருந்து 60 நாள்தான் செல்லும். அதனால் மற்றக் காகிதம் எல்லாம் தயாரான பிறகு டெஸ்டுக்குப் போங்கள். சிசி பெயரில் இருப்பதால் சிசியின் பதிவுக் காகிதமும், யார் கையெழுத்துப் போடலாம் என்ற அதிகாரக் கடிதமும் கேட்பார்கள். பழைய டிஸ்க் பாக்கி இருந்தால் அதைத் தீர்க்காமல் வண்டி நகராது.

என்.சி.ஓ. கொடுக்காமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய. பிறகு வருகிற ஃபைன் எல்லாம் பழைய சொந்தக்காரர் வாசலுக்குத்தான் வரும். மாமனாரை அந்தத் தொல்லையில் விடாதீர்கள்.

சாட்ஸ்வர்த் புரோக்கர்

நான் இருபது வருஷத்துக்கு மேல் ஷார்ட்-டெர்ம் இன்சூரன்ஸில் இருக்கிறேன். எந்தக் கம்பெனியையும் பெயர் சொல்லிப் பேசப் போவதில்லை.

போனில் அந்தப் பெண் தயங்கியதற்கு வண்டி காரணமில்லை. கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில்தான் காரணம். அவர் கேட்டது இனிமேல் எப்படி ஓட்டப் போகிறீர்கள் என்பது. நீங்கள் சொன்னது இதுவரை எப்படி ஓடியது என்பது. பழைய வரலாற்றை மறைக்கவேண்டாம், கேட்டால் சொல்லுங்கள். ஆனால் பாலிசி எழுதப்படுவது வருங்கால உபயோகத்தை வைத்து.

பொதுவாக மூன்று வகை. பிரைவேட்: வீட்டு வேலை, கோயில், கடற்கரை, அதோடு வேலைக்குப் போய்வருவது. பெரும்பாலான பாலிசிகளில் வேலைக்குப் போய்வருவது பிரைவேட்டில் அடங்கும், ஆனால் உங்கள் பாலிசியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிசினஸ்: வேலை நேரத்தில் கஸ்டமரைப் பார்க்கப் போவது, சைட்டுக்குப் போவது, சொந்தத் தொழிலின் சாமானை ஏற்றுவது. கமர்ஷியல்: கூலிக்குச் சரக்கு ஏற்றுவது, டெலிவரி, ஆள் ஏற்றிக் காசு வாங்குவது. பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். நீங்கள் விவரித்தது சுத்தமான பிரைவேட்.

பிறகு, பக்கி என்றால் சிலவற்றைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். கேனோபி, டோபார், நட்ஜ்பார், பின்னால் போட்ட ரப்பர் லைனிங், இதெல்லாம் வண்டியோடு பிறந்தவை இல்லை. பட்டியலில் விலையோடு எழுதவில்லை என்றால் வண்டி திருட்டுப் போனபிறகு கேனோபிக்குக் காசு வராது. ட்ராக்கர் (வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி): ஹைலக்ஸ் என்றாலே பல கம்பெனிகள் ட்ராக்கர் இல்லாமல் திருட்டு, ஹைஜாக் கவர் தரமாட்டார்கள். பாலிசியில் அந்த நிபந்தனை இருந்து, ட்ராக்கர் சந்தா கட்டாமல் செத்துக் கிடந்தால், கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். ரெகுலர் டிரைவர் யார் என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். பையன் பத்தொன்பது வயது, அவன்தான் அதிகம் ஓட்டுவான் என்றால் அவன் பெயரைத்தான் போடவேண்டும்.

மெரிபேங்க் அக்கா

புரோக்கர் ஐயா சொல்வதோடு ஒன்று. நம் நாட்டில் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயமே இல்லை என்பதைப் புதிதாக வந்தவர்கள் பலர் தெரிந்துகொள்வதில்லை. பெட்ரோல், டீசல் போடும்போது ஒவ்வொரு லிட்டரிலும் 2 ராண்டுக்கு மேல் ரோடு ஆக்ஸிடென்ட் ஃபண்டுக்குப் போகிறது. அந்த ஃபண்ட் உடம்புக்கு ஏற்பட்ட காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும். இடித்து நொறுங்கிய வண்டிக்கு ஒரு செண்ட் கூடத் தராது. எதிரே வந்தவருக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால் நீங்கள் அவர்மேல் கேஸ் போட்டு அலையவேண்டியதுதான். அதனால் முழு காம்ப்ரிஹென்சிவ் கட்டமுடியாவிட்டாலும் தர்ட் பார்ட்டியாவது வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய் ஒரு விலை உயர்ந்த காரை இடித்தால் வீட்டை விற்கும்படி ஆகிவிடும்.

ஐசிப்பிங்கோ வியாபாரி

இவ்வளவு பயப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம். என் பக்கி பல வருஷமாகப் பிரைவேட் பாலிசியில்தான் இருக்கிறது. வார இறுதியில் மசாலாத் தூள் பாக்கெட் கடைகளுக்குப் போடுவேன். ஒருமுறை பின்பக்கம் இடித்து கிளெய்ம் பண்ணினேன், பேசாமல் பணம் தந்தார்கள். பிசினஸ் என்று மாற்றினால் மாதப் பிரீமியம் ஏறுகிறது. சின்ன வியாபாரிக்கு அது பெரிய காசு.

சாட்ஸ்வர்த் புரோக்கர்

அண்ணே, சின்ன வியாபாரிக்குப் பிரீமியம் பாரம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பம்பர் கிளெய்முக்கு யாரும் அசெஸரை (சேதத்தை ஆராய்ந்து மதிப்பிடுகிறவர்) வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். முழு வண்டியும் போனால்தான் பார்வை மாறும்.

நான் கூடவே இருந்து பார்த்த ஒரு கிளெய்ம். என்2 நெடுஞ்சாலையில் கவிழ்ந்த பக்கி. அசெஸர் யார்டுக்கு வந்தார். முதலில் டயரைப் பார்க்கவில்லை. கேபினைத் திறந்து சன்வைசருக்குப் பின்னால் செருகியிருந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்தார், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தார். கதவில் காந்த போர்டு ஒட்டியிருந்த இடம் மட்டும் பெயிண்ட் மங்காமல் சதுரமாகத் தெரிந்தது, அதையும் எடுத்தார். பிறகு ட்ராக்கர் கம்பெனியிடமிருந்து மூன்று மாத ஓட்டம் வாங்கினார். ஒவ்வொரு செவ்வாயும் அதே பதினோரு கடை வாசலில் நின்றிருக்கிறது. அப்புறம் அந்தக் கடைக்காரர்களுக்கே போன் போட்டுப் பேசினார். கிளெய்ம் மறுக்கப்பட்டது. பத்து வருஷமாக ஒழுங்காகக் கட்டி வந்த மனுஷன். கைக்கு வந்தது மிச்சப் பிரீமியம் மட்டும்.

அவர் மிச்சப்படுத்திய மாத வித்தியாசத்தைக் கூட்டினாலும் அந்த வண்டியின் விலையில் பக்கத்தில்கூட வராது. உங்களுக்கு அப்படி ஒன்று நடக்கக்கூடாது என்பதால்தான் சொல்கிறேன். நாளைக்கே போன் பண்ணி, "வாரத்தில் ஒரு நாள் சொந்த சரக்கு ஏற்றுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சொந்த சரக்கு ஏற்றுவதும் கூலிக்கு ஏற்றுவதும் ஒரே பிரீமியம் இல்லை, நீங்கள் நினைக்கிற அளவு ஏறாமலும் இருக்கலாம்.

இன்னொன்று. வண்டி பாலிசி வண்டிக்கு மட்டும். உள்ளே இருக்கிற மசாலா மூட்டைக்கோ ட்ரில் மெஷினுக்கோ இல்லை. அதற்கு கூட்ஸ் இன் ட்ரான்ஸிட் என்று தனி கவர் எடுக்கவேண்டும்.

ஐசிப்பிங்கோ வியாபாரி

மறுத்தால் அதோடு முடிந்ததா? போய்க் கேட்க இடமே இல்லையா?

சாட்ஸ்வர்த் புரோக்கர்

இருக்கிறது. மறுப்புக் கடிதம் கையில் வந்ததிலிருந்து குறைந்தது 90 நாள் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே எதிர்த்து எழுத உரிமை உண்டு. அதற்கு மேல் கோர்ட்டுக்குப் போக இன்னும் 6 மாதம். நடுவில் ஓம்புட் (புகாரைக் கேட்டுத் தீர்த்துவைக்கும் அலுவலகம்) இருக்கிறது, காசு செலவில்லை. 2024 மார்ச்சிலிருந்து பழைய ஓம்புட் அலுவலகங்கள் சில சேர்ந்து நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்புட் என்று ஒரே இடமாகியிருக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்ட விஷயம் அவர்கள் எடுத்த ரிஸ்க்கை உண்மையிலேயே மாற்றியதா என்பது அங்கே முக்கியமான கேள்வி. ஒரு நாள் தம்பி வீட்டுக்கு சோபா ஏற்றிப் போனதற்காக மறுத்தால் நிற்காது. ஒவ்வொரு செவ்வாயும் பதினோரு கடை என்றால் வாதாட எனக்கே வாய் வராது.

டோங்காட் கணக்கு

இழையை இப்போதுதான் பார்த்தேன். இன்சூரன்ஸ் பக்கம் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். மாமனாரின் "எவ்வளவு வேண்டுமானாலும் போட்டு எழுதிக்கலாம்" என்ற வரிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பணம் போகக்கூடிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

ஒரே பக்கியை மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். லைசென்ஸிங் ஆபீஸ் எடையைப் பார்க்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி உபயோகத்தைப் பார்க்கிறது. வாட் (விற்பனைமேல் வரும் மதிப்புக் கூட்டு வரி) விஷயத்தில் சார்ஸ் (வரித் துறை) பார்ப்பது வண்டியின் உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை. ஓர் இடத்தில் சரியான பதில் இன்னோர் இடத்தில் செல்லாது. நம் ஆட்கள் குழம்புவதெல்லாம் இதில்தான்.

1991-ஆம் வருஷ வாட் சட்டத்தில் "மோட்டார் கார்" என்று ஒரு வரையறை இருக்கிறது. முழுக்கவோ பெரும்பாலுமோ ஆட்களை ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட வண்டி. டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள பக்கி) அதில் அடக்கம், ஸ்டேஷன் வேகன், மினிபஸ் அடக்கம். 16 பேருக்கு மேல் உட்காரக்கூடியது, வெறும் எடை 3,500 கிலோ அல்லது அதற்கு மேல் உள்ளது, சவ வண்டி, ஆம்புலன்ஸ் போன்றவை அடக்கமில்லை. மோட்டார் கார் வாங்கினால் தொழிலுக்கே வாங்கினாலும் கட்டின வாட் திரும்பக் கிடைக்காது. டபுள் கேப்பில் காலை முதல் இரவு வரை செங்கல் ஏற்றினாலும் கிடையாது. சிங்கிள் கேப் மோட்டார் கார் இல்லை. அதனால் உங்கள் மாமனாரின் சிசி வாட்டில் பதிவாகியிருந்தால், வாங்கும்போதே முழு வாட்டையும் திரும்ப எடுத்திருக்கும்.

அப்படி எடுத்தது விற்கும்போது திரும்பி வரும். கணக்கு புரிய உருண்டை எண்ணாகச் சொல்கிறேன். பக்கியை வாட்டோடு 460,000 ராண்டுக்கு வாங்கினார்கள் என்று வையுங்கள். அதில் 60,000 வாட், சிசி திரும்ப வாங்கிக்கொண்டது. மீதி 400,000-த்தை டெலிவரி வண்டி என்று நாலு வருஷத்தில் தேய்மானமாக எழுதியாயிற்று. புத்தகத்தில் இன்று அதன் மதிப்பு பூஜ்யம். மாமனாருக்கு "புத்தகத்தில் ஒன்றுமே இல்லையே, சும்மா கொடுத்துவிடலாம்" என்று தோன்றுவது அதனால்தான்.

ஆனால் சந்தையில் அது இன்று 230,000 போகும் என்றால், அந்த 230,000-க்குள் 30,000 வாட் இருக்கிறது, சிசி அதைக் கட்டவேண்டும். மீதி 200,000 முன்பு எழுதிய தேய்மானம் திரும்பி வந்ததாகக் கருதி வருமானத்தில் சேரும். சாதாரணக் கம்பெனி விகிதம் 27 சதவீதம் என்றால் 54,000. சின்னத் தொழிலுக்கான விகிதத்தில் இருந்தால் குறையும்.

"பத்தாயிரம் என்று எழுதிவிட்டால்?" என்று கேட்பீர்கள். சொந்தக்காரருக்கு விற்கும்போது, வாங்குகிறவர் வாட்டைத் திரும்ப எடுக்க முடியாதவராக இருந்தால், எழுதின விலை செல்லாது, சந்தை விலைதான் செல்லும். சும்மா கொடுத்தால் இன்னும் மோசம். சிசி தன் உறுப்பினருக்கு டிவிடெண்ட் கொடுத்ததாகப் பார்ப்பார்கள், 20 சதவீதம் டிவிடெண்ட் டாக்ஸ். அதற்கு மேல் மாமனார் உங்களுக்கு அன்பளிப்பு கொடுத்த கணக்கு வேறு திறக்கும்.

பீனிக்ஸ் மருமகன்

இவ்வளவா! வாட் பதிவை முதலில் ரத்து பண்ணிவிட்டு, பிறகு விற்றால் அந்த 30,000 மிஞ்சாதா? கடையை மூடத்தானே போகிறார்.

டோங்காட் கணக்கு

மிஞ்சாது. பதிவை ரத்து பண்ணுகிற நாளில் கையில் இருக்கிற சொத்தையெல்லாம் சிசி விற்றதாகவே வைத்து வாட் கேட்பார்கள். அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதன் மேல். ஆக, இந்த வாசலிலோ அந்த வாசலிலோ கட்டியே ஆகவேண்டும். நான் சொல்வது, பதிவு இருக்கும்போதே ஒழுங்காக டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டு விற்றுவிடுங்கள். காகிதம் சுத்தமாக இருக்கும்.

ஒரு நல்ல வழி இருக்கிறது. கடைக்கு மாமனார் தன் கைக்காசை அவ்வப்போது போட்டிருப்பார். அது லோன் அக்கவுண்டில் சிசி அவருக்குத் தரவேண்டிய கடனாக நிற்கும். அப்படி நின்றால், அவர் சந்தை விலைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கடனில் கழிக்கலாம். பணம் கைமாறத் தேவையில்லை, டிவிடெண்டும் இல்லை. அங்கிருந்து உங்களுக்கு எப்படி வருவது என்பதை அவருடைய கணக்காளரோடு உட்கார்ந்து பேசுங்கள். சிசிக்கள் 2011 மேக்குப் பிறகு புதிதாகத் தொடங்க முடியாதவை. பெரும்பாலும் பழைய கணக்காளர் ஒருவர் எல்லாக் காகிதமும் வைத்திருப்பார்.

விலைக்கு அத்தாட்சியாக இரண்டு டீலர்களிடம் எழுத்தில் மதிப்பு வாங்கி ஃபைலில் வையுங்கள். கீறல், ஓட்டம், கிளட்ச் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். சிமெண்ட் ஏற்றி உழைத்த வண்டி, வீட்டில் நின்ற வண்டியின் விலைக்குப் போகாது. அந்த நியாயமான குறைவைச் சார்ஸ் ஏற்றுக்கொள்ளும்.

மிட்ராண்ட் தமிழன்

கணக்கு ஐயாவிடம் என் கேள்வி ஒன்று. கம்பெனி எனக்கு டபுள் கேப் தருகிறது. சைட்டுக்குப் போகத்தான், ஆனால் இரவு வீட்டில் நிற்கும். வார இறுதியில் குடும்பத்தோடு போய்வருவோம். சம்பளச் சீட்டில் ஏதோ பெரிய தொகையைச் சேர்த்து வரி பிடித்திருக்கிறார்கள். இது சரியா?

டோங்காட் கணக்கு

சரியாகத்தான் இருக்கும். வண்டியின் மதிப்பில் மாதத்துக்கு 3.5 சதவீதம் உங்கள் வருமானமாகச் சேரும். மெயின்டெனன்ஸ் பிளானோடு வாங்கியிருந்தால் 3.25. வண்டி 600,000 என்றால் 3.5 சதவீதத்தில் மாதம் 21,000. அதில் 80 சதவீதத்துக்கு, அதாவது 16,800-க்கு, மாதா மாதம் வரி பிடிப்பார்கள். ஓட்டத்தில் 80 சதவீதமாவது ஆபீஸ் வேலைக்குத்தான் என்று கம்பெனி நம்பினால் 20 சதவீதத்துக்கு மட்டும் பிடிக்கலாம்.

வருஷக் கடைசியில் இதைக் குறைக்க ஒரே ஆயுதம் லாக்புக். மார்ச் 1 அன்று ஓடோமீட்டர் எண், பிப்ரவரி கடைசியில் ஓடோமீட்டர் எண், நடுவில் ஒவ்வொரு வேலைப் பயணத்துக்கும் தேதி, எங்கே, எதற்கு, எத்தனை கிலோமீட்டர். வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போவது சொந்தப் பயணம், அதை வேலைக் கணக்கில் எழுதாதீர்கள். இன்சூரன்ஸில் வேலைக்குப் போவது பிரைவேட்டில் சேர்கிறதே, அதே மாதிரிதான், இந்த ஓர் இடத்தில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். லாக்புக் இல்லாமல் கழிவு கேட்டால் சார்ஸ் ஒரு கிலோமீட்டர் கூடத் தராது. பிப்ரவரியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் வருஷம் முழுதும் எழுதுகிற புத்தகமும் வேண்டாம்.

டபுள் கேப் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: புது டபுள் கேப்புக்கு 2011-லிருந்து கார்பன் வரி உண்டு, கிலோமீட்டருக்கு 175 கிராமைத் தாண்டுகிற ஒவ்வொரு கிராமுக்கும். சிங்கிள் கேப்புக்கு அது இல்லை.

மெரிபேங்க் அக்கா

கோயில் வேலைக்கு என்று மருமகன் எழுதியிருக்கிறார். அதைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. காவடி சமயத்தில் பக்கியின் பின்னால் பிள்ளைகளும் பெண்களும் உட்கார்ந்து, ஒருவர் மடியில் ஒருவர் என்று வருவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். பாத்திரம், குடம், வாழைமரம் ஏற்றுங்கள். ஆளை ஏற்றாதீர்கள்.

சட்டப்படி பார்த்தால் சரக்குப் பகுதியில் ஆள் உட்கார்ந்தால் உட்கார்ந்த தளத்திலிருந்து 350 மில்லிமீட்டர் உயரத்துக்காவது சுற்றிலும் அடைப்பு இருக்கவேண்டும், நின்றால் 900. காசு வாங்கி யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. பள்ளிப் பிள்ளைகளைக் காசுக்குப் பின்னால் ஏற்றுவது 2017 மேயிலிருந்து தடை. ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. நான் நர்ஸ். பின்னாலிருந்து தூக்கி எறியப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தவள். கேனோபி இருந்தால் பத்திரம் என்று நினைப்பதும் வேண்டாம். ஃபைபர் கேனோபி முதல் அடியிலேயே பிய்ந்துபோகும், உள்ளே பெல்ட் கிடையாது.

சாட்ஸ்வர்த் புரோக்கர்

அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். பல பாலிசிகளில் சரக்குப் பகுதியில் இருந்தவர்களுக்கான பொறுப்பை எழுத்திலேயே விலக்கி வைத்திருப்பார்கள். காயத்துக்கு ரோடு ஆக்ஸிடென்ட் ஃபண்டிடம் போகலாம், ஆனால் அந்த வழி எத்தனை வருஷம் இழுக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

வெருலம் டிரைவர்

சாஸ்ரியா பற்றி யாரும் பேசவில்லையே. 2021 ஜூலையில் நம் பக்கம் நடந்த கலவரத்தை மறந்திருக்கமாட்டீர்கள். கலவரத்தில் எரிந்த வண்டிக்கு எந்தச் சாதாரண பாலிசியும் தராது. அது சாஸ்ரியா கவரில்தான் வரும், அரசாங்கத்துடையது, 1979-இல் தொடங்கியது, இந்த வேலையை வேறு யாரும் செய்வதில்லை. கிளெய்மை உங்கள் கம்பெனி வழியாகத்தான் கொடுக்கவேண்டும். எங்கள் தெருவில் எரிந்த இரண்டு பக்கிகளில் ஒன்றுக்கு அந்த கவர் பாலிசியில் இருந்தது, தாமதமானாலும் பணம் வந்தது. மற்றதற்கு வெறும் தர்ட் பார்ட்டி, சாஸ்ரியா இல்லை. அந்த மனுஷன் இன்றைக்கும் மச்சான் வண்டியில்தான் வேலைக்குப் போகிறார். பாலிசி வந்ததும் முதல் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். மாதத்துக்குச் சில ராண்டுதான்.

டோங்காட் கணக்கு

கடைக்காரர்கள் படிக்கிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வாட்டில் பதிவானவரின் சிங்கிள் கேப் திருட்டுப் போய் இன்சூரன்ஸ் பணம் வந்தால், அந்தப் பணத்திலும் 115-இல் 15 பங்கு வாட்டாகப் போகும். டபுள் கேப் என்றால், வாங்கும்போது வாட் திரும்பக் கிடைக்காததால், இங்கேயும் கேட்கமாட்டார்கள். சிங்கிள் கேப்பை வாட் சேர்க்காத விலைக்கு இன்சூர் பண்ணிவிட்டு, கிளெய்ம் பணத்திலிருந்து வாட்டும் கட்டி, மாற்று வண்டி வாங்கக் காசு போதாமல் நிற்கிற கடைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். வாட்டோடு சேர்த்த மதிப்புக்கு இன்சூர் பண்ணுங்கள். பிரீமியத்தில் உள்ள வாட்டைத் திரும்ப எடுக்கலாம், அது டபுள் கேப்புக்கும் உண்டு.

பீனிக்ஸ் மருமகன்

எல்லோருக்கும் நன்றி. மாமனாரின் கணக்காளரைப் போய்ப் பார்த்தோம். லோன் அக்கவுண்டில் அவருக்கு வரவேண்டிய தொகை நிறையவே நிற்கிறது. வண்டியை முதலில் அவர் பெயருக்குச் சந்தை விலையில் எடுக்கிறோம், வாட் பதிவு இருக்கும்போதே. டீலர் மதிப்பில் கிளட்ச்சும் பின் ஸ்பிரிங்கும் தேய்ந்ததை எழுதிக் கொடுத்தார்கள், விலை கணிசமாக இறங்கியது. அவரிடமிருந்து நான் வங்கி வழியாகப் பணம் கொடுத்து வாங்குகிறேன். அவருக்கும் ஓய்வுக் காலத்துக்குக் கையில் காசு இருக்கும். இரண்டு தடவை ரோட்வொர்த்தி எடுக்கவேண்டி வருகிறது, பரவாயில்லை.

இன்சூரன்ஸில் மட்டும் ஒரு மாற்றம். இழையைப் படித்த மனைவி, "சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் அம்மா வெள்ளிக்கிழமை முறுக்கு, அதிரசம் போடுகிறார்களே, அதை இனி யார் வண்டியில் ஏற்றப்போகிறீர்கள்?" என்று கேட்டாள். என் வண்டியில்தான். அப்படியானால் பிரைவேட் போதுமா?

சாட்ஸ்வர்த் புரோக்கர்

போதாது. வாரா வாரம் விற்பனைக்குச் சரக்கு, அது சொந்த வீட்டு முறுக்காக இருந்தாலும் பிசினஸ்தான். பிசினஸ் என்று எழுதி, பக்கத்தில் "வாரம் ஒரு முறை சொந்தத் தயாரிப்பை மார்க்கெட்டுக்கு ஏற்றுவது, கூலிக்கு இல்லை" என்று சொல்லச் சொல்லுங்கள். போனில் சொன்னால் அந்த அழைப்பு பதிவாகும், இருந்தாலும் ஈமெயிலிலும் ஒரு வரி வாங்கி வையுங்கள். முதலில் மாமனார் பெயரில் இருக்கிற நாட்களுக்கும் கவர் வேண்டும். சிசி பாலிசியை நிறுத்துகிற தேதியும் புதுப் பாலிசி தொடங்குகிற தேதியும் ஒன்றாக இருக்கட்டும், நடுவில் ஒரு இரவுகூட வெறுமனே நிற்கக்கூடாது.

பீனிக்ஸ் மருமகன்

சரி ஐயா. திங்கட்கிழமை மாமனாரைக் கூட்டிக்கொண்டு என்.சி.ஓ. கொடுக்கப் போகிறேன். கேனோபிக்கு ரசீது இல்லை, எப்போதோ ரொக்கத்துக்குப் போட்டது. அதை எப்படிப் பட்டியலில் சேர்ப்பது?

சாட்ஸ்வர்த் புரோக்கர்

அதே மாதிரி கேனோபிக்கு ஒரு கடையில் இன்றைய விலை எழுதி வாங்குங்கள். நாலு பக்கமும் போட்டோ, உள்ளே கம்பெனி முத்திரை இருந்தால் அதுவும். விலைச் சீட்டையும் போட்டோக்களையும் சேர்த்து அனுப்பினால் போதும். பட்டியலில் ஏறியதா என்று திரும்பி வருகிற ஷெட்யூலில் பார்த்துக்கொள்ளுங்கள், டோபாரும் அதே பட்டியலில் இருக்கவேண்டும்.